ஆடாமல் நிற்கத் தெரியாதவள்

கர்நாடகத்துச் சிரவணபெளகொளாவில், பாகுபலி சுவாமியின் மலைமேல், என் அம்மாவைத் தொலைத்தேன். கிடைத்துவிட்டார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கே பொறுமை கிடையாது, உங்களை மட்டும் காக்கவைப்பது நியாயமில்லை. எப்படிக் கிடைத்தார் என்பதைத்தான், ஜினரின் பெயர் சொல்லும் உங்கள் எல்லோருக்கும் நான் சொல்ல வேண்டும்.

என் பெயர் சாந்தி. பெயரில்தான் சாந்தி. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் மேற்பார்வை வேலை. இழை எங்கே அறுந்தாலும் ஓடிப்போய் ஒட்ட வைக்க வேண்டும். முப்பது வருடம் அப்படியே ஓடிய கால், வீட்டுக்கு வந்தாலும் நிற்காது. அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு மாடிக்குப் போவேன், மாடியில் துணியைப் பாதி எடுத்துவிட்டுக் கடைக்குப் போவேன். "கால்ல வெந்நிய ஊத்திக்கிட்டே அலையிதா பாரு" என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள்.

அப்பா வந்தவாசிப் பக்கத்துச் சமண நயினார். மில் கணக்கராக ராஜபாளையம் வந்து, கடைசிவரை இங்கேயே இருந்துவிட்டார். அம்மாவும் வந்த புதிதில் பேசிய பேச்சை மறந்து, இந்த ஊர்க்காரர்களைப் போல "ஏட்டி" என்று அழைக்கப் பழகிக்கொண்டார். வருடம் ஒருமுறை போளூர்ப் பக்கம் திருமலைக்கு எங்களைக் கூட்டிப் போவார்கள். அங்கே பாறையை ஒட்டி நிற்கும் நேமிநாதரைவிட உயரமான ஜினர் தமிழ்நாட்டில் இல்லை என்பார் அப்பா. அவர் முன்னால் கைகளைத் தொங்கவிட்டு, உடம்பை மறந்து, ஒன்பது முறை பஞ்ச நமஸ்கார மந்திரம் சொல்லி நிற்க வேண்டும். காயோத்சர்க்கம் என்று பெயர். எனக்கு மூன்றாவது நமஸ்காரத்திலேயே உடம்பு ஆடத் தொடங்கிவிடும். வலது கால், இடது கால், வலது கால். அம்மா கண்ணைத் திறக்காமலேயே என் மணிக்கட்டில் ஒரு தட்டுத் தட்டுவார். "ஆடாம நில்லுட்டி."

அந்த அம்மாவுக்கு இப்போது எழுபத்தாறு வயது. இரண்டு வருடமாக மறதி. முதலில் சாவியை மறந்தார், பிறகு தெருவை, பிறகு என்னை. என் கையால் சாப்பிட்டுக்கொண்டே, "என் மக சாந்தி பள்ளிக்கூடம் விட்டு வந்துட்டாளா?" என்று என்னிடமே கேட்பார். பாகுபலி மலைக்குப் போவதற்கு முன் எட்டு மாதமாக அவர் என்னைப் பெயர் சொல்லி அழைத்திருக்கவில்லை. ஒன்றை மட்டும் மறக்கவில்லை. சூரியன் இறங்கிவிட்டால் சோறு தண்ணீர் எதுவும் கூடாது என்ற நம் விரதம். சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடுகிறவருக்கு அதுவே ஆபத்தானது. ஒருநாள் நான் மில்லிலிருந்து தாமதமாக வந்தேன். சாப்பிடாமலே பொழுது அடைந்துவிட்டது. சர்க்கரை இறங்கி வியர்த்துச் சரிந்தவர், ஒரு வாய் சர்க்கரைத் தண்ணீருக்குக்கூடப் பல்லைத் திறக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் ஊசிவழியாக ஏற்றித்தான் பிழைக்க வைத்தார்கள். இன்னொரு முறை இப்படி விடாதீர்கள், உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர்.

சென்ற தை மாதம் அம்மாவைப் பாகுபலியிடம் கூட்டிப் போனேன். கொஞ்சமாவது நினைவு இருக்கும்போதே ஒருமுறை காட்டிவிட வேண்டும் என்ற அவசரம். அதிலும் அவசரம்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்து முத்துராஜின் வேனில் போனோம். அவர் சிவன் கோயில் பிள்ளை, ஆனாலும் எங்களுக்காக வழியெல்லாம் வெங்காயம் இல்லாத சாப்பாடாகத் தேடினார். காலை பத்து மணிக்கு அம்மா கொஞ்சம் பொங்கல் சாப்பிட்டார், மாத்திரை போட்டார். மதியம் எதுவும் வேண்டாம் என்றுவிட்டார். மாலை நான்கு மணிக்கு டோலியில் வைத்து மலைமேல் கொண்டுபோனோம். தரிசனம் முடித்து ஐந்து மணிக்குள் இறங்கி, வேனில் இருக்கும் தயிர்சோற்றைக் கொடுத்துவிடலாம் என்பது என் கணக்கு.

பாகுபலியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரே கல். அண்ணாந்தால் கழுத்து வலிக்கும். காலடியில் புற்று, தொடையிலும் தோளிலும் கொடி சுற்றியிருக்கும். ஒரு வருடம் அசையாமல் நின்றவர். அம்மா பார்த்த உடனே கைகளைத் தொங்கவிட்டு நின்றுவிட்டார். ஊர், பெயர், மகள் எல்லாம் மறந்தவருக்கு அதுவும் மறக்கவில்லை. நானும் பக்கத்தில் நின்றேன். இரண்டாவது நமஸ்காரத்தில் என் போன் அடித்தது. மில். ஷிப்டுக்கு இரண்டு பெண்கள் வரவில்லையாம். "இங்கனயே நில்லும்மா, இப்ப வந்துருதேன்" என்று சொல்லிவிட்டு, சிக்னல் தேடி வாசலைத் தாண்டிப் போனேன். பத்து நிமிடம் இருக்கும். திரும்பி வந்தபோது அம்மா இல்லை.

சுற்று மண்டபத்தில் மூன்று முறை ஓடினேன். காவலர்களிடம் சொன்னேன், அவர்களும் தேடினார்கள். என் நம்பர் எழுதிய அட்டையை அம்மாவின் கழுத்தில் மாட்டியிருந்தேன். தங்கிய தர்மசாலையில் குளித்தபோது கழற்றியதை, என் அவசரத்தில் நான் மறுபடி மாட்டவில்லை. கன்னடம் பேசும் ஊரில், தன் பெயரே தெரியாத அம்மா.

வாசலுக்கு எதிரே, கையில் சின்னக் கிண்ணத்தோடு ஒரு கிழவியின் சிலை இருக்கிறது. பெரிய பெரிய குடங்களில் ஊற்றிய பால் பாகுபலியின் பாதம்வரை இறங்கவில்லையாம், இந்தக் கிழவி கிண்ணத்தில் கொண்டுவந்த பால்தான் இறங்கியதாம். அதன் அருகே திண்டிவனத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் நின்றது. கேட்டேன்.

"பச்சப் புடவ கட்டின அம்மாவா? இப்பதாம்மா போனாங்க. இந்தக் கல்லுக் கிழவிகிட்ட, என் பொண்ணப் பாத்தியான்னு கேட்டுக்கிட்டு இருந்தாங்க. ரெட்டச் சடை போட்ட பொண்ணாம்."

அம்மா என்னைத் தேடுகிறார். ஆனால் அவர் தேடுவது நரைத்த தலையோடு ஓடும் என்னை அல்ல. நேருக்கு நேர் வந்தாலும் என்னைத் தாண்டித்தான் போவார்.

இறங்கி ஓடினேன். வழியில் கொஞ்சம் கீழே இருந்த கோயிலில் கேட்டேன், "இப்பதான் மேலே ஏறினாங்க" என்றார் ஒருவர். ஏறினேன். மேலே, "கீழே போனாங்களே" என்றார்கள். மறுபடி இறங்கினேன். காலெல்லாம் பாறை கிழித்தது. அடிவாரத்தில் முத்துராஜ் வேனை விட்டு நகராமல் நின்றிருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"ஆச்சி இங்கன வரலக்கா. ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்காதிய. அவிய உங்களத் தேடுதாக, நீங்க அவியளத் தேடுதிய. ரெண்டு பேரும் நடந்துகிட்டே இருந்தா எம்புட்டு நேரமானாலும் சந்திக்க முடியாது. ஒருத்தராவது ஒரு இடத்துல நிக்கணும்லா?"

"அம்மாவத் தொலச்சுட்டு நிக்கச் சொல்லுதியா? உன் அம்மாவா இருந்தா நிப்பியா?" என்று எரிந்து விழுந்தேன். அவர் தயிர்சோற்றுத் தூக்கை எடுத்து என் கையில் கொடுத்தார். "மேல கண்டியன்னா அங்கனயே குடுத்துருங்க. கீழ வந்தா நான் பாத்துக்கிடுதேன். பொழுது எறங்குதுக்கா."

ஐந்தரை மணி. இன்னும் முக்கால் மணி நேரம்தான் வெயில். அதற்குள் அம்மா வாயில் சோறு போகவில்லையென்றால் விடியும்வரை போகாது.

மறுபடி மேலே வந்தேன். காவலர் தலையை ஆட்டினார், இல்லை. நான் பாகுபலியின் காலடியில் விழுந்தேன். ஜினர் கேட்டதைக் கொடுப்பவர் அல்ல, வேண்டுதல் வேண்டாமை இல்லாதவர் என்று சிறுவயதிலிருந்து படித்தவள்தான். பயந்து நடுங்குகிறவளுக்குச் சித்தாந்தம் ஏது? பாலாபிஷேகம் செய்கிறேன் என்றேன். மாதம் எட்டு நாள் உபவாசம் இருக்கிறேன் என்றேன். அம்மாவைக் காட்டு, காட்டு என்று அழுதேன். அவர் என் தலைக்கு மேலே வடக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோபம் வந்தது. எப்படி உன்னால் இப்படி நிற்க முடிகிறது என்று வாய்விட்டே கேட்டேன்.

அதற்குமேல் ஓட எனக்குக் காலும் இல்லை, இடமும் இல்லை. அம்மா எங்கே நின்றாரோ அங்கே போய் நின்றேன். கைகளைத் தொங்கவிட்டேன். முதல் நமஸ்காரம். இரண்டு. வாசலில் ஏதோ சத்தம், அம்மாவாக இருக்குமோ என்று மனம் ஓடியது. பிடித்து நிறுத்தினேன். மூன்று. உடம்பு ஆடத் தொடங்கியது. வலது கால், இடது கால். நான்கு, ஐந்து. வெயில் மஞ்சளாகிவிட்டது, போ, போய்த் தேடு என்று கால் துடித்தது. ஆறு. நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சுவாமி, இன்னும் மூன்று நமஸ்காரம் என்னை நிற்க வை. ஏழு.

என் மணிக்கட்டில் ஒரு தட்டு விழுந்தது.

"ஏட்டி சாந்தி. ஆடாம நில்லு."

கண்ணைத் திறந்தேன். பச்சைப் புடவை. என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை அம்மா. பக்கத்தில் நின்று, கண்ணை மூடி, தன் நமஸ்காரத்தைத் தொடங்கிவிட்டார். இந்த முகத்தை அவருக்குத் தெரியாது. பின்னாலிருந்து இந்த ஆட்டத்தைப் பார்த்திருக்கிறார். அது அவருக்குத் தெரியும்.

என் மீதி இரண்டு நமஸ்காரத்தையும் முடித்தேன். அம்மா ஒன்பதும் முடிக்கும்வரை அசையாமல் காத்திருந்தேன். பிறகு வாசலுக்கு வெளியே பாறையில் உட்காரவைத்துத் தயிர்சோற்றை ஊட்டினேன். கடைசி வாய் உள்ளே போனபோது சூரியனின் ஓரம் இன்னும் மிச்சம் இருந்தது. தண்ணீரும் குடித்தார். நான் தேம்பித் தேம்பி அழுதேன். "ஏன் அழுதிய?" என்று கேட்டார். அதற்குள் என்னை மறந்துவிட்டார்.

கீழே வந்து முத்துராஜிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கக்கா" என்று வண்டியை எடுத்தார். அழுததை மறைக்கத்தான் அவ்வளவு அவசரமாக எடுத்தார் என்று நினைக்கிறேன்.

அம்மாவின் மறதி குணமாகவில்லை. அப்படிச் சொன்னால் பொய்ச் சாட்சியாகிவிடும். மாறியது என் பிழைப்புதான். மேற்பார்வையை விட்டுப் பகல் ஷிப்டு மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். பொழுது அடையுமுன் வீட்டில் இருக்கிறேன். தினமும் காலையில் மொட்டை மாடியில், மேற்கு மலையைப் பார்த்து, அம்மாவோடு ஒன்பது நமஸ்காரம். போனை அடுப்பங்கரையில் வைத்துவிட்டுத்தான் ஏறுவேன்.

உங்கள் வீட்டிலும் ஏதோ ஒன்று தொலைந்திருக்கலாம். சுவாமியைக் கேட்டுக் கேட்டு ஓடிக்கொண்டிருக்கலாம். ஓடாதீர்கள் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஒன்பது நமஸ்கார நேரம் மட்டும் நின்று பாருங்கள். பெளகொளாவுக்குப் போக முடியாவிட்டால் திருமலைக்குப் போங்கள், அதுவும் முடியாவிட்டால் உங்கள் மாடியில் நில்லுங்கள். பாகுபலி சுவாமிக்கு என் நன்றி. அவருக்கு அது வேண்டியதில்லை, சொல்லாமல் இருக்க என்னால்தான் முடியவில்லை.

இப்போதெல்லாம் எனக்கு ஒன்பதும் ஆடாமல் நிற்க வருகிறது. ஆனாலும் ஏழாவது வரும்போது வேண்டுமென்றே கொஞ்சம் ஆடுகிறேன். சில நாட்களில் என் மணிக்கட்டில் தட்டு விழுகிறது, என் பெயரும் வருகிறது.