விலாங்குக்குக் கட்டிய குகை

மீன் காட்சியகத்துக்கு வருகிறவர்கள் மீனைத்தான் பார்ப்பார்கள். பின்னால் இருக்கும் பாறையை யாரும் பார்ப்பதில்லை. அந்தப் பாறைகளைச் செய்வது என் தங்கை. பவளத்திட்டு, பொந்து, மூழ்கிய மரக்கட்டை எல்லாம் அவள் கைவேலை. தொட்டுப் பார்த்தாலும் சிமெண்ட் என்று தெரியாது. அண்ணன் என்பதால் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் டிக்கெட் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இரும்புக் கம்பி வைக்கமாட்டாள். உப்புத்தண்ணீர் அதைத் தின்றுவிடும். பிளாஸ்டிக் வலையை வளைத்து, அதன்மேல் கலவையைக் கையால் அப்பி, இறுகுவதற்குள் பழைய ஸ்பூனால் கீறிக் கீறி அலை அரித்த மாதிரி ஆக்குவாள். பிறகு பட்டறைத் தொட்டியில் வாரக்கணக்காக ஊறப்போட்டு, சிமெண்டின் காரம் இறங்கும்வரை தண்ணீரை மாற்றிக்கொண்டே இருப்பாள். காரம் போகாத பாறை மீனைக் கொன்றுவிடும்.

இத்தனை பொறுமைக்காரிக்கு ஒருவர் பேச்சை எடுத்தால் மட்டும் வயிறு எரியும். அவர் தொட்டிக்குள் இறங்கி மீனுக்குத் தீனி கொடுக்கும் முக்குளிப்பவர். எல்லோருக்கும் அவர் ‘தவளை’. அப்படிக் கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே திரும்புவார். கண்ணாடிக்கு உள்ளேயிருந்து அவர் கையாட்டினால் குழந்தைகள் துள்ளும், பெரியவர்களும் படம் எடுப்பார்கள். என் தங்கை அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு வந்து என்னிடம் பொரிவாள்.

"அவன் கையை ஆட்டினா கைதட்டுறாங்க அண்ணா. நான் மலையையே செஞ்சு வச்சிருக்கேன். ஒருத்தன் திரும்பிப் பாக்கல."

"நீயும் உள்ள இறங்கிக் கையாட்டேன்."

"கிண்டலா? எனக்குத்தான் நீச்சல் தெரியாதே!"

அவள் கடலடி முழுவதையும் செய்கிறாள், இடுப்பளவு தண்ணீரில் இறங்கப் பயம். அந்த எரிச்சலும் சேர்ந்துதான் தவளையின் தலையில் விழும்.

போன மழைக்காலத்தில் புதிதாக ஒரு பெரிய தொட்டி கட்டினார்கள். அதில் புள்ளி போட்ட பெரிய விலாங்கு ஒன்றை விடப்போவதாகவும், அதற்குக் குகை செய்ய வேண்டும் என்றும் கண்காணிப்பாளர் அம்மா தங்கையிடம் சொன்னார். அவள் சாப்பாடு மறந்து செய்தாள். சிறுவயதில் நாங்கள் எல்லோரும் ஒரே அறையில் படுத்தவர்கள். அவள் காலை நீட்டினால் என் தலையில் இடிக்கும். அதனாலோ என்னவோ, எந்த மீனுக்குப் பொந்து செய்தாலும் தாராளமாகத்தான் செய்வாள். இந்தக் குகையில் விலாங்கு சுற்றிச் சுற்றிப் படுக்கலாம்.

விலாங்கு வந்தது. குகையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மோட்டார் தண்ணீரை உறிஞ்சும் மூலையில், தடுப்பு வலைக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொண்டது. தீனியும் எடுக்கவில்லை. பிறகு ஒரு காலையில் தவளை, பழைய பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றைத் தொட்டிக்குள் போட்டார். அவர் மேலே ஏறி வருவதற்குள் விலாங்கு அதற்குள் நுழைந்து, தலையை மட்டும் நீட்டிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடியது.

அன்று மாலை தங்கை செருப்பைக் கழற்றிய சத்தத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

"சாக்கடைக் குழாய் அண்ணா! என் குகை வேணாமாம், சாக்கடைக் குழாய் போதுமாம். மீனுக்கும் அவன்தான் ஒசத்தி."

"மீன் என்ன ஆளைப் பாத்தா போச்சு?"

"நீ அவன் பக்கமே பேசு."

மறுநாள் கண்காணிப்பாளர் அம்மா கறாராகச் சொல்லிவிட்டார். "ஞாயித்துக்கிழமை திறப்பு. குழாயைக் காட்டி என்னால டிக்கெட் விக்க முடியாதும்மா. அதுக்குள்ள விலாங்கு குகையில இருக்கணும். இல்லேன்னா பாறையைத் தூக்கிட்டு ரெடிமேடா வாங்கிப் போட்டுடுவோம். இனிமேலும் அப்படித்தான்."

தங்கை அந்தத் தொட்டி முன்னாலேயே முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். குழாயை எதிரியைப் பார்ப்பதுபோல் பார்த்திருக்கிறாள். பார்க்கப் பார்க்க விஷயம் பிடிபட்டது. குழாயின் சுவர் விலாங்கின் உடம்பைச் சுற்றிலும் தொட்டுக்கொண்டிருந்தது. அதற்கு அதுதான் பத்திரம்.

"பெரிசாக் கட்டிட்டேன் அண்ணா," என்றாள் வீட்டுக்கு வந்து. "புதுசு செஞ்சு ஊறப்போட நாளில்ல. குழாயைக் குகைக்குள்ள செருகி, சுத்தி சின்னக் கல்லா அடைக்கணும். ஊறின துண்டுக்கல்லு என்கிட்ட கெடக்கு. ஆனா அவன்தான இறங்கணும்? அவன்கிட்ட போய் நிக்கணுமா நான்?"

"வேணாம். விலாங்குகிட்டயே போய்க் கேளு, தானா நகந்து போகுதான்னு."

முறைத்தாள். ஆனால் சனிக்கிழமை என்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தவளை, "சொல்லுங்க மேஸ்திரி, செஞ்சிடலாம்," என்றார். அவ்வளவுதான். அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. கொஞ்சம் பிகு பண்ணியிருந்தால் திட்டியாவது இருக்கலாம்.

தவளை உள்ளே இறங்கி, குழாயின் இரண்டு வாயையும் வலையால் மூடி, விலாங்கோடு தூக்கிக் குகைக்குள் செருகினார். வெளியே கண்ணாடி முன்னால் நின்று தங்கை கையால் வழி சொன்னாள். அவள் தன் இடப்பக்கம் காட்டினால் அவர் தன் இடப்பக்கம் போனார். எதிரெதிரே நிற்பது இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. கல் ஒரு பக்கமே குவிந்தது. "கண்ணாடியைத் தட்டாதீர்கள்" என்ற பலகைக்குப் பக்கத்திலேயே நின்று படபடவென்று தட்டினாள்.

தரை துடைத்துக்கொண்டிருந்த துப்புரவுக்கார அம்மா, "ஏம்மா, எப்போ டிராபிக் போலீசானே?" என்று கேட்டார்.

"சும்மா இருங்கக்கா! டேய் தவளை, அந்தப் பக்கம்டா!"

அது அவர் காதில் விழாதது நல்லதாய்ப் போயிற்று. கடைசியில் அவள் கண்ணாடிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று கையை நீட்டிய பிறகுதான் கல் சரியான இடத்துக்குப் போனது. குழாய் மறைந்தது. வலையை எடுத்ததும் வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பாறையிலிருந்து புள்ளி போட்ட தலை மெதுவாக வெளியே வந்து, தவளை நீட்டிய கணவாய் மீன் துண்டைக் கவ்வியது.

தங்கை என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். "பாறை பிழைச்சுது," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல கூட்டம். ஒரு அப்பா மகனிடம், "கடல்லேந்து பாறையோட பேத்து எடுத்துட்டு வந்திருக்காங்க," என்று விளக்கிக்கொண்டிருந்தார். என் தங்கைக்கு முகமெல்லாம் சிரிப்பு. அப்போது தவளை உள்ளே இறங்கினார். வழக்கம்போல் கையாட்டினார், குழந்தைகள் துள்ளின. பிறகு அவர் குகைப் பாறையைத் தட்டிக் காட்டி, கூட்டத்தின் பின்னால் நின்ற இவளைக் கைநீட்டிக் காட்டி, தலைக்குமேல் இரண்டு கையையும் கூப்பினார். எல்லோரும் திரும்பி இவளைப் பார்த்தார்கள். ஒரு நிமிடம்தான். உடனே மறுபடி அவர் பக்கம் திரும்பி, முன்னைவிடப் பலமாகக் கைதட்டினார்கள்.

"பாத்தியா அண்ணா," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு, "என்னைக் காட்டிக்கூட அவன்தான் கைதட்டு வாங்குறான்."

இப்போது பட்டறையில் இன்னொரு குகை ஊறிக்கொண்டிருக்கிறது. உள்ளே தவளையின் குழாய் கிடையாது. பொந்து அவள் முழங்கை உரசும் அளவுக்குக் குறுகல். அது தயாரானதும் தவளை இறங்கித்தான் பழையதை எடுக்க வேண்டும். அவள் இதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.