திருப்பி அனுப்பிய இரத்தம்

கெட்ட இரத்தமாம்! டாக்டரே வேண்டாமென்று திருப்பி அனுப்பினாராம்! தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில், பக்கத்து லயத்து வீட்டுச் செவனம்மா இதைச் சொன்ன நாளிலிருந்து, ரெங்கம்மா தொட்ட குடத்தை நாலு பேர் கழுவித்தான் எடுத்தார்கள். நடந்தது என்னவென்று கேட்டுவிட்டாவது கழுவியிருக்கலாம்.

நமுனுகுல தேயிலை மலைச்சரிவில் ரெங்கம்மாவைப்போல் கொழுந்து எடுக்க ஆளில்லை. இரண்டாயிரத்து ஒன்பதில் வலது முழங்கால் வீங்கிப் பிடித்துக்கொண்டது. வருஷம் முடிவதற்குள் மலையேறாவிட்டால் பிள்ளைக்காம்பராவில் தொட்டில் ஆட்டப் போடுவேன் என்றார் தோட்டத்துத் துரை.

“அழுவுற புள்ளைங்களுக்கு அட்டைக்கடியே தேவலைங்க” என்றுவிட்டு, ரெங்கம்மா பதுளை ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினாள்.

எலும்பு டாக்டர் கீர்த்திகன் யாழ்ப்பாணத்துக்காரர். நோயாளியின் இரத்தத்தையே எடுத்து, இயந்திரத்தில் சுழற்றி, தெளிந்து நிற்கும் மஞ்சள் நீரை முழங்காலுக்குள் ஏற்றுவார். அதற்கு முன் அவள் இரத்தத்தைச் சோதித்துப் பார்த்தவர் தலையை ஆட்டினார்.

“உங்கட ரத்தத்திலை அழற்சி கூடிப்போய்க் கிடக்கு அம்மா. இதைக் காலுக்குள்ளை விட்டால் ஆத்தாது, இன்னும் கிளறிவிடும். உடம்பிலை எங்கையாவது புண், சீழ் இருக்கோ?”

“ஒன்னுமில்லீங்க.”

கடைவாயில் கிராம்பை ஒதுக்கிக்கொண்டுதான் சொன்னாள். முழங்காலைக் காட்ட வந்த இடத்தில் சொத்தைப் பல்லை எதற்குக் காட்டுவது? காட்டினால் பிடுங்கிவிடுவார்களே.

“சரி, மூண்டு கிழமை கழிச்சு வாங்கோ.”

அழற்சி என்றால் உடம்புச் சூடுதான் என்று அவளாகத் தீர்மானித்துக்கொண்டாள். மூன்று வேளையும் மோர். விடியற்காலையில் பீலித் தண்ணீரில் தலைமுழுக்கு.

“பனியில இது என்ன கூத்துடி?” என்றான் புருஷன் கந்தப்பன்.

“ரத்தத்தக் குளுத்துறேன். பேசாம போய்யா.”

மூன்றாம் கிழமை காய்ச்சலும் சளியுமாகப் போய் நின்றாள். அழற்சி இரண்டு மடங்கு. டாக்டர் காகிதத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து ஒரு தும்மல். கிராம்பு பறந்து காகிதத்தின்மேல் விழுந்தது.

“இதென்ன?”

“கிராம்புங்க.”

“வாயைத் திறவுங்கோ.”

திறந்தாள். டாக்டர் ஓரடி பின்னால் போனார். “இவ்வளவு சீழையும் வைச்சுக்கொண்டோ ஒண்டுமில்லை எண்டனீங்கள்?”

“நீங்க காலு டாக்டருதானே?”

பல் போயிற்று. வீங்கின கன்னத்தோடு லயத்துக்குத் திரும்பியவளைச் செவனம்மா மறித்தாள். “கெட்ட ரத்தம் எறங்கிருச்சாக்கா?”

“பல்லோட போச்சுடி. ஒனக்குப் புடுங்க வேண்டியது பல்லில்ல, நாக்கு.”

ஆறு கிழமையில் சளியும் சீழும் வற்றின, அழற்சி இறங்கியது. டாக்டர் இரத்தம் எடுத்துச் சுழற்றினார். “இந்த வைத்தியம் எல்லாருக்கும் கேளாது அம்மா. பாப்பம்” என்று சொல்லித்தான் ஊசி போட்டார். மூன்று நாள் ஊசி வலியில் அவள் போட்ட கூச்சலில் கந்தப்பன் கோயில் மண்டபத்துக்குக் குடிபோனான். வீக்கம் மெல்ல மெல்ல வடிந்தது.

மார்கழியில் ஒரு திங்கட்கிழமை, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குச் சங்கு ஊதியதும் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டினாள்.

“இன்னும் ஒரு வாரம் போவட்டுமே” என்றான் கந்தப்பன்.

வாசற்படியில் வலது காலை வைத்து, முழுப் பாரத்தையும் அதில் இறக்கிப் பார்த்தாள். கொஞ்சம் வலித்தது. மலையைப் பார்த்து நடந்தாள்.