சர்க்கரை ஊசி என்று சொன்ன பொய்

கே.கே. நகரில் அந்த மருத்துவமனையின் நடையில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு இருந்த பெரிய கவலை, தெரிந்தவர் யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதுதான். வயது முப்பத்து நான்கு. பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன். அமில பாட்டிலுக்குப் பயப்படாத எனக்கு ஊசி என்றால் உள்ளங்கை வேர்த்துவிடும்.

திருமணமாகி ஆறு ஆண்டுகள், குழந்தை இல்லை. சோதனைக்குழாய் முறையில் (கருமுட்டையை வெளியே எடுத்து, கருவாக்கி, மீண்டும் கருப்பையில் வைப்பது) முயல்வதென்று முடிவானது. அதற்கு முன், பல முட்டைகள் ஒன்றாக வளர ஹார்மோன் ஊசி (சினைப்பைகளைத் தூண்டும் மருந்து) தினமும் போட்டுக்கொள்ள வேண்டும்.

“பேனா மாதிரிதான் இருக்கும். தொப்புளுக்குப் பக்கத்துல நீங்களே போட்டுக்கலாம். தினமும் ஒரே நேரம், சாயங்காலம் ஏழு மணி. வயிறு ரொம்ப உப்பினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே வந்துடணும்,” என்றார் டாக்டர். மற்றதெல்லாம் பின்னுக்குப் போய், அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் என்னோடு கோச்சடையில் இருக்கும் எங்கள் வீடு வரை வந்தது.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். விஷயம் தெரிந்த கணவர் கடையிலிருந்து வர ஒன்பதாகிவிடும். அத்தை, அதாவது மாமியார், நல்லவர்தான். ஆனால் அவர் காதில் விழுந்த சேதி மறுநாளே கீழக்குயில்குடிச் சொந்தக்காரர்கள் வரை போய்விடும். இது பலிக்காவிட்டால் அத்தனை பேரும் துக்கம் விசாரிக்க வருவார்களே என்று பயந்தேன். அதனால் ஃபிரிட்ஜில் வைத்த பேனாவைக் காட்டி, “எனக்குச் சுகர் வந்திருச்சு அத்தை” என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலையிலேயே பாகற்காய்ச் சாறு வந்தது. வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்ட கதைதான்.

தினமும் ஏழு மணிக்கு அறைக் கதவைச் சாத்திக்கொள்வேன். ஊசி மெல்லியது, எறும்புக்கடி அளவுதான் வலி. உள்ளே என்ன வளர்கிறது, எவ்வளவு வளர்கிறது என்று தெரியாததுதான் பயம். ஐந்தாம் நாள் பாவாடை நாடா இறுகியது. குளியலறையில் நின்று மூச்சை இழுத்து இழுத்துச் சோதித்தேன்.

எட்டாம் நாள் பள்ளியில் பெற்றோர் கூட்டம். ஓட்டமாக வீட்டுக்குள் நுழைந்தபோது ஏழாக ஐந்து நிமிடம். கூடத்தில் கணவரின் பெரியப்பா, எனக்குப் பெரிய மாமா, சட்டையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நெடுநாள் சர்க்கரை நோயாளி. அவர் கையில் என் பேனா.

“மச்சான் ஊசிய ஊர்லயே மறந்து வச்சுட்டு வந்துட்டாக. உன்னோடதத்தான் எடுத்துக் குடுத்தேன்,” என்றார் அத்தை.

“போடாதீங்க மாமா! அது சுகர் ஊசி இல்ல!”

“பின்ன இது என்ன ஊசி ஆத்தா?”

பேனாவில் இன்னும் மூன்று நாள் மருந்து இருந்தது. அதைவிட, அவர் உடம்புக்கு ஏதாவது ஆகியிருந்தால்?

“பிள்ளைக்காகப் போடுறது மாமா.”

அவர் சட்டையை இறக்கிவிட்டார். பேனாவை இரண்டு கையாலும் நீட்டினார். “இந்தாத்தா. நான் மெடிக்கலுக்குப் போயிட்டு வாரேன்.” நல்லவேளை, ஊசிமுனை அவர் தோலைத் தொட்டிருக்கவில்லை.

அத்தை நகரவில்லை. “இம்புட்டு நாளா பாகக்காயப் பிழிஞ்சு குடுத்தேனே. ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

“பயமா இருந்துச்சு அத்தை.”

“என்னையக் கண்டா?”

“எல்லாத்துக்கும்.”

வெட்கமும் அழுகையும் ஒன்றாக வந்தன. அத்தை டிவியை நிறுத்தினார். நான் புது முனை மாட்டிப் போட்டு முடிக்கும்வரை, வேறு பக்கம் பார்த்தபடி என் அருகில் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் ஊசி என்றால் பயமாம்.

இதே ஊசியைப் போட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். பேனாவின் மேல் உங்கள் பெயரை எழுதி ஒட்டுங்கள். ஊசி போடும் நேரத்தில் வீட்டில் இருக்கும் ஒருவருக்காவது உண்மை தெரிந்திருக்கட்டும்.

எடுத்த முட்டைகளில் இரண்டு கருவாயின. வைத்தார்கள், தங்கவில்லை. துக்கம் விசாரிக்க யாரும் வரவில்லை. அத்தையும் பெரிய மாமாவும் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை.

ஊசி நிறுத்தி நான்கு மாதம் ஆகிறது. மறுபடி முயல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. ஆனாலும் மாலை ஏழு நெருங்கினால் என் விரல்கள் தாமாகவே வயிற்றில் ஊசி படாத இடம் தேடுகின்றன. கூடத்தில் டிவி நின்றுபோகிறது. அத்தை வந்து பக்கத்தில் உட்கார்கிறார், வேறு பக்கம் பார்த்தபடி.