விழுவதற்கென்று ஓர் ஆள்

1. முதல் நாள்

மகளைச் சேர்க்கத்தான் போனேன். என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

காரைக்காலில் அப்போது தெருவுக்கு ஒரு கராத்தே கிளாஸ் வந்திருந்தது. ஐகிடோ பள்ளி மட்டும் ஒன்றே ஒன்றுதான். மலருக்கு ஒன்பது வயது. கோட்டுச்சேரியிலிருந்து டவுனுக்குப் பஸ்ஸில் போய்ப் படித்துக்கொண்டிருந்தாள். பஸ் ஐந்து நிமிடம் தாமதமானால் ரோட்டில் வந்து நிற்கிற ஆள் நான். யாராவது கையைப் பிடித்தால் உதறிக்கொண்டு வரவாவது பிள்ளைக்குத் தெரியட்டும் என்று நினைத்தேன்.

பள்ளியை நடத்தியவர் கலியபெருமாள் மாஸ்டர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு ஊர் திரும்பியவர். இப்படிப்பட்டவர்களை எங்கள் பக்கம் 'சொல்தா' என்போம். பிரான்சில் ஏதோ ஒரு முகாமில் ஐகிடோ கற்றாராம். எத்தனை வருடம் என்று கேட்டால், "நெறைய" என்பார். இன்னொரு பயிற்றுநர் பி.டி. சார். பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர். அவருக்கு ஐகிடோ தெரியாது. விசில் நன்றாக ஊதுவார்.

மாஸ்டர் மலரைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் மேலும் கீழும் பார்த்தார்.

"என்னா வேல பாக்குறீங்க?"

"பி.டபிள்யூ.டி.யில கிளார்க்குங்க."

"கைய நீட்டுங்க."

நீட்டினேன். மணிக்கட்டைப் பிடித்து லேசாகத் திருப்பி, "சூப்பிள்" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் பெரியவர் எதையோ எதிர்பார்க்கிறார் என்பது மட்டும் தெரிந்தது. மேலதிகாரி முகத்தைப் பார்த்து அவர் எதிர்பார்ப்பதைச் செய்வதில் எனக்குப் பன்னிரண்டு வருட சர்வீஸ் உண்டு. விழுந்துவிட்டேன்.

"பாத்தீங்களா பி.டி.? ஆபீஸ்ல வளஞ்சு பழகுன ஒடம்பு. ரெடிமேடா வந்துருக்கு" என்றார் மாஸ்டர்.

மறுநாளே மலரை வகுப்பில் சேர்த்து, என்னைத் துணைப் பயிற்றுநர் ஆக்கினார்கள்.

2. பதவியும் பணியும்

ஐகிடோ தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இதில் ஒருவர் தாக்க, மற்றவர் அந்த வேகத்தையே திருப்பி அவரை வீழ்த்துவார். பிறகு இடம் மாறி, வீழ்த்தியவர் விழுவார். பாதி வித்தை வீழ்த்துவதில், மீதிப் பாதி அடிபடாமல் விழுவதில்.

எங்கள் பள்ளியில் இந்த இரண்டு பாதியையும் சீனியாரிட்டிப்படி பிரித்துக்கொண்டோம். மாஸ்டர் விழமாட்டார், அவர் மாஸ்டர். பி.டி. சாரும் விழமாட்டார். "நாளைக்கு ஸ்கூல்ல அதே பசங்க முன்னாடி நான் விசில் ஊதணுமா வேண்டாமா?" என்று கேட்டார். நியாயம்தான். எனவே இருவருக்கும் சேர்த்து நான் விழுந்தேன். மாஸ்டர் எறிந்து நான் விழுந்த தூரத்தைவிடத் தான் எறிந்தது ஒரு அடியாவது குறைந்தால் பி.டி. சார் இரண்டு நாள் என்னோடு பேசமாட்டார். அதனால் தூரத்தைச் சமன் செய்து விழக் கற்றேன். அங்கே முதல் நான்கு வருடத்தில் நான் கற்ற ஒரே நுட்பம் அது.

'சூப்பிள்' என்பது ஜப்பான் மொழியில் 'விழு' என்று நாங்கள் எல்லோருமே நம்பினோம். பி.டி. சார் அதை விதியாக எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்: "'சூப்பிள்' என்றதும் தாமதமின்றி விழ வேண்டும்." மாஸ்டர் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். நோட்டீஸ் போர்டுக்காக அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளவில்லை. அவர் சூப்பிள் என்பார், நாற்பது பிள்ளைகளும் தொப்தொப்பென்று விழுவார்கள். தன் வித்தையின் வீச்சைப் பார்த்து அவரே சில நாள் பேச்சற்று நிற்பார்.

பக்கத்து டீக்கடைக்காரர் மட்டும் ஒருநாள் கேட்டார். "ஐயோன்னு கெடக்குறதாலதான் ஐகிடோவா சார்?"

முதல் மாதம் மாஸ்டர் என்னை 'சார்' என்றார். மூன்றாம் மாதம் 'லிங்கம்'. ஆறாம் மாதம், "டேய், தள்ளி விழு, பெல்ட்டுல மண்ணு படுது."

3. மேட்

இப்போது சொல்லப்போவது நடந்து இரண்டு வருடம் ஆகிறது.

ஆண்டு விழா. ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் சிமெண்ட் மேடை. மாஸ்டர் ஆறு ஐட்டம் போட்டிருந்தார். ஐந்தாவதில் நான் கத்தியோடு பாய, அவர் மணிக்கட்டைத் திருகி என்னை வீழ்த்துவார். ஆறாவது மலர். அவளை இடுப்பில் ஏற்றித் தலைக்கு மேலாக எறிவார். வயது பதிமூன்று ஆகியும் ஒல்லிதான். "நீ மூட்ட மாதிரி விழுற. பாப்பா பறக்குது" என்பார் என்னிடம். கிளாஸில் தேங்காய் நார் திணித்த மேட்டில் பலமுறை செய்திருக்கிறாள். அந்த மேட் இருக்கும் தைரியத்தில்தான் நானும் சும்மா இருந்தேன்.

நான்கு மணிக்குப் போய்ப் பார்த்தால் மேடை மொட்டையாக இருந்தது. முந்தின நாள் மழையில் மைதானம் சேறு. சிறப்பு விருந்தினர்களின் பூட்ஸ் நனையக் கூடாதென்று பி.டி. சார் எல்லா மேட்டையும் முன்வரிசைச் சோபாக்களுக்கு அடியில் போட்டு, மேலே சிவப்புத் துணி விரித்திருந்தார்.

"மாஸ்டர், மேட்டு..." என்றேன்.

"வி.ஐ.பி.க்குப் போட்டாச்சு. நாலு வருஷமா விழுற, ஒனக்கென்ன?"

"பாப்பாவுக்கு?"

"நான் புடிச்சுப்பேன்டா. கலெக்ட்ரேட்லேருந்து வந்துருக்காங்க, இப்பப் போய்ச் சோபாவத் தூக்குங்கன்னா சொல்றது?"

இந்த இடத்தில் ஒரு தகப்பன் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று படிக்கிறவர்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நான் சொன்னது: "சரிங்க மாஸ்டர்."

4. ஐந்தாவது ஐட்டம்

முதல் நான்கு ஐட்டத்திலும் சிமெண்டில் விழுந்தேன். முழங்கை தேய்ந்தது. நானூறு முறை விழுந்து பழகிய எனக்கே அப்படியென்றால், மலர் தலைக்கு மேலிருந்து வந்தால் என்ன ஆகும் என்ற கணக்குத்தான் மனதில் ஓடியது. மேடை ஓரத்தில் வெள்ளை உடையில் நின்று தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

அப்போதும் 'வேண்டாம்' என்று சொல்ல வாய் வரவில்லை. ஆனால் கிளார்க்குக்கு வேறொரு வழி தெரியும். பிடிக்காத கோப்பை நாங்கள் மறுக்கமாட்டோம். நிறுத்தி வைப்போம். ஐந்து முடிந்தால்தானே ஆறு? நான் விழாவிட்டால் ஐந்து முடியாது.

மரக் கத்தியோடு பாய்ந்தேன். மாஸ்டர் ஒதுங்கி மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினார். காலை ஊன்றி நின்றுகொண்டேன்.

"சூப்பிள்" என்றார் மெதுவாக.

நின்றேன்.

"சூப்பிள்டா, சூப்பிள்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். நான் கையை இரும்பாக்கிக்கொண்டேன். மைதானம் அமைதியாகிவிட்டது.

கோட்டுச்சேரிமேட்டிலிருந்து மீன் கொண்டுவரும் அஞ்சலை அக்கா தன் மகள் ஆடுவதைப் பார்க்க வந்திருந்தார். கூட்டத்துக்கு நடுவிலிருந்து அவர் குரல் கேட்டது. "என்னா மாஸ்டரே, கையப் புடிச்சுக்கிட்டு ரேகையா பாக்குறீங்க?"

மைதானமே சிரித்தது. சோபாக்காரர்களும் சிரித்தார்கள். மாஸ்டரின் காது சிவந்தது. அவர் இடுப்பைத் திருப்பினார். காய்ந்த மட்டை முறிகிற சத்தம் கேட்டது. அது என் மணிக்கட்டு என்று தரையில் கிடக்கும்போதுதான் புரிந்தது.

நான்கு வருடமாக அவர் வித்தை பொய், நான் விழுவதால்தான் அது ஓடுகிறது என்று உள்ளுக்குள் ஒரு கர்வம் இருந்தது எனக்கு. வித்தை நிஜம். அது யாருக்கும் தெரியாமலிருந்தது, அவருக்கும் சேர்த்து. என் கையை விடாமல் பிடித்தபடி வாய் பிளந்து நின்றார்.

பி.டி. சார் மைக்கில் இருந்தார். மேடையைப் பார்க்காமல் தாளைப் பார்த்துப் படித்தார். "அடுத்து, குமாரி மலர்."

மலர் வந்தாள். நான் கிடக்கிற இடத்தைச் சுற்றிக்கொண்டு வந்து, முறைப்படி குனிந்து வணங்கி, மாஸ்டரை நோக்கிக் கையை நீட்டினாள்.

எனக்கு வலியில் குரல் வரவில்லை. மாஸ்டர் அந்தக் கையைப் பார்த்தார். தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "போம்மா. கீழ போ. ஐட்டம் முடிஞ்சுது."

5. ஆஸ்பத்திரி

மாவுக்கட்டுப் போடும்போது மாஸ்டர் பக்கத்தில் நின்றார். "எத்தன தடவ சொன்னேன், சூப்பிள், சூப்பிள்னு. கையத் தளத்தக் கூடாதாடா?"

"அது விழுன்னுதானங்க அர்த்தம்?"

"யாரு சொன்னது? பிரெஞ்சுடா அது. இறுக்காத, தளத்திக்கன்னு அர்த்தம்."

பி.டி. சார் ஜன்னல் வழியே எதையோ கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் போன பிறகு மலரிடம் கேட்டேன். "அப்பா கீழ கெடக்குறேன். நீ பாட்டுக்குப் போய்க் கைய நீட்டுறியே, பாப்பா?"

"நெசம்னு தெரியலப்பா. நீங்க எப்பவும் எந்திரிச்சிடுவீங்கள்ல."

மணிக்கட்டு ஒன்றரை மாதத்தில் சேர்ந்துவிட்டது. இந்தப் பதில் இன்னும் ஆறவில்லை. மாஸ்டர் கையைப் பின்னால் கட்டாமல் இருந்திருந்தால் என்ற நினைப்பு ஆபீசில் கோப்பு பார்க்கும்போதும் வருகிறது.

6. இளம் பயிற்றுநர்களுக்கு

கட்டுப் பிரித்த பிறகு மறுபடி கிளாஸுக்குப் போனேன். மாஸ்டர் என்னைப் பழையபடி 'சார்' என்றார். எனக்கு அது சங்கடமாக இருந்தது, 'டேய்' பழகிவிட்டதே. நோட்டீஸ் போர்டு விதியைக் கிழித்துவிட்டு, முதல் பாடத்தை மாற்ற வேண்டும் என்று கேட்டேன். அவரிடம் நான் கேட்டு வாங்கிய ஒரே விஷயம் அதுதான். இப்போது சேருகிற பிள்ளைக்கு நிற்பது, நடப்பது, விழுவது எல்லாம் பிறகு. முதலில் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்புவோம். வலிக்கிற இடத்தில் அவன் வாய்விட்டு "வலிக்குது மாஸ்டர்" என்று சொல்ல வேண்டும். சொன்னதும் விட்டுவிடுவோம். சுலபமாகத் தெரியும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு மூன்று வாரம் ஆகிறது. நல்ல பிள்ளை என்று பேர் எடுத்ததுகளுக்கு இரண்டு மாதம். கண்ணில் நீர் நிற்கும், வாய் மட்டும் திறக்காது. பயிற்றுநர் கவனிக்க வேண்டியது இவர்களைத்தான்.

மலரையும் புதிதாய்ச் சேர்ந்தவளைப் போல முதல் பாடத்திலிருந்து தொடங்கச் சொன்னேன். மாஸ்டர் எதிரில் வந்து உட்கார்ந்து, கையை நீட்டச் சொன்னார். அவர் விரல் மணிக்கட்டைத் தொட ஒரு சாண் இருக்கும்போதே, "வலிக்குது மாஸ்டர்" என்றாள்.

"நான் இன்னும் தொடவே இல்லயேம்மா."

"சும்மா சொல்லிப் பாத்தேன்" என்றாள்.