பேத்தியின் இன்டர்வியூவில் நான் எழுதிக் காட்டிய விடை

இன்று காலை பேத்திக்கு வீடியோ காலில் இன்டர்வியூ. திருப்பதியில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதும் வேலை. ஏற்கெனவே இரண்டு இடத்தில் கைவிட்டுப் போய்விட்டது.

“ஜெனரிக் இன்டர்ஃபேஸுக்கு ஓர் உதாரணம் சொல்லுங்கள்” என்று கேட்டார்கள். பயத்தில் அவளுக்கு எல்லாம் மறந்துவிட்டது.

எனக்கு விடை தெரியும். விடிந்ததும் அவளே எனக்குச் சொன்னதுதான்.

“நம்ம பங்காருபாளையம் மண்டி மாதிரி தாத்தா. எறக்கணும், எடை போடணும்னு வேலைய மட்டும் எழுதி வெச்சிருவோம். எந்த சரக்குன்றத காலியா வுட்டுருவோம். அந்த எடத்துல மாங்கான்னு ரொப்பிட்டா, தக்காளி வண்டி கேட்டுலயே நின்னுரும்.”

நான் வாய் திறந்தால் அவர்களுக்குக் கேட்டுவிடும். அதனால் எதிரே உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினேன். எழுதக் கற்று நான்கு மாதம்தான் ஆகிறது. ‘மாங்காய் மண்டி’ என்று ஒரு புள்ளிகூட விடாமல் எழுதி, போனுக்குப் பின்னால் தூக்கிப் பிடித்தேன். என் கையெழுத்தைப் பார்த்து எனக்கே சந்தோஷம்.

அவள் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். பிறகு “தெலீது சார்” என்று அவர்களிடம் கைவிரித்துவிட்டாள்.

கால் முடிந்ததும், “பாத்துகினே இருந்தியேம்மா, ஏன் சொல்லல?” என்றேன்.

“நான் தெலுங்கு மீடியம் தாத்தா. தமிழ் பேசத்தான் வரும். நீ மாத்திரச் சீட்ட காட்டறன்னு நெனச்சிகினேன்.”

முடிவைச் சாயங்காலம் சொல்வார்களாம். அவள் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

அவளுக்கு ஆறுதலாக நாலு வார்த்தை எழுதலாம் என்றுதான் இதை ஆரம்பித்தேன். பாதியில்தான், இதையும் அவளால் படிக்க முடியாது என்று உறைத்தது.

தெலுங்கு எழுத்து எத்தனை நாளில் வரும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.