அரை ரொட்டி வைத்த இலை

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆவணி மாதத்தில் ஒரு நாள். செட்டிகுளத்தில் பெண் பிள்ளை பெரியவளான ஒரு சாமத்திய வீட்டுக்குக் கதிரையும் கிடாரமும் இறக்கப் போயிருந்தோம். நானும் கணவரும் கிளிநொச்சியில் பந்தல், கதிரை, பெரிய சமையல் பாத்திரங்கள் வாடகைக்கு விடுகிறவர்கள். வழமையாக அவ்வளவு தூரம் போவதில்லை. நல்ல முகூர்த்தம் என்பதால் வவுனியாப் பக்கம் ஒரு கதிரைகூட மிச்சமில்லாமல் போய், யாரோ எங்கள் இலக்கத்தைக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அங்கிருந்து தொடங்கினால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து தொடங்க வேண்டும்.

அதற்கு முந்தைய வருடம் ஒரு ஞாயிறு பின்னேரம், அப்பாவோடு இருந்து ஒரு நிகழ்ச்சி பார்த்தேன். புகழ்பெற்ற ஆட்களின் பரம்பரையைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுக்கிற நிகழ்ச்சி. அன்றைக்கு ஒரு நடிகை. அவர் காரை விட்டு இறங்கும்போதே வாசலில் ஒரு பேராசிரியர் சிரித்துக்கொண்டு நிற்கிறார். உள்ளே மேசையில் பழைய புத்தகம், அதுவும் சரியான பக்கத்தில் திறந்தபடி. வெள்ளைக் கையுறை போட்ட ஒருவர் விரலை வைத்து, இவர்தான் உங்கள் கொள்ளுத்தாத்தா என்று காட்டுகிறார். வயலின் அழுகிறது, நடிகையும் அழுகிறார், விளம்பரம் போகிறது. சவர்க்காரம் விற்று முடித்துத் திரும்பி வந்தால் நடிகை அந்தக் கொள்ளுத்தாத்தாவின் ஊரிலேயே நிற்கிறார். உடுப்பும் மாற்றியாகிவிட்டது.

"அந்தப் பொண்ணுக்குப் போற பாதையெல்லாம் யாரோ முன்னமே கூட்டி வச்சிருக்காங்க" என்றார் அப்பா.

அப்பா மலையகத்தில், தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். எழுபத்தேழில் தமிழரைத் தாக்கிய கலவரத்தில், தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தை எரித்தபோது பெற்றோரோடு ஓடி வந்து, வன்னியில் காடு வெட்டிக் குடியேறியவர். பிள்ளைகள் நாங்கள் இங்கே பிறந்து இங்கத்தைய தமிழ் பேசுகிறோம். அவர் வாயில் இன்றைக்கும் தோட்டத்துத் தமிழ்தான். அவருக்கு ஒரேயொரு அக்கா. கலியாணம் முடித்து வேறொரு தோட்டத்தில் இருந்தவர். அந்த லயத்தில் ஒருவரும் தப்பவில்லை என்று அகதி முகாமில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதோடு அத்தையின் கதை முடிந்தது.

அன்றைக்கு அடுத்த விளம்பரம் போன நேரத்தில் அப்பா மெதுவாகக் கேட்டார். "ஏம்மா, இந்த மாதிரி தேடுனா எங்கக்காவ எங்க பொதைச்சாங்கன்னு கண்டுபிடிக்கலாமா? ஒரு கல்லாச்சும் வச்சுட்டு வருவேன்."

அப்பா என்னிடம் எதுவும் கேட்கிறவர் இல்லை. கண் சத்திரசிகிச்சைக்குக்கூட நாங்கள்தான் இழுத்துக்கொண்டு போனோம். "ஓமப்பா, அதெல்லாம் கண்டுபிடிக்கலாம்" என்று சொல்லிவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் கூட. சொன்ன பிறகு செய்யத்தானே வேண்டும்.

முதலில் நிகழ்ச்சியில் பார்த்தபடியே செய்தேன். அப்பாவைக் கூட்டிக்கொண்டு பஸ் மாறி மாறி மலைக்குப் போனேன். அத்தை வாழ்ந்த தோட்டத்தின் பெயரே மாறியிருந்தது. லயம் இருந்த இடம் முழுக்கத் தேயிலை. அலுவலகத்தில் இருந்தவர் நல்ல மனிதர். தேநீர் தந்தார், அந்தக் காலத்துப் புத்தகம் ஒன்றும் இங்கே இல்லை என்றார். எங்களுக்குக் கையுறை தேவைப்படவில்லை, அட்டைக்கடிக்குச் சுண்ணாம்புதான் தேவைப்பட்டது. அப்பா தேயிலைக்குள் இறங்கி நின்று மேலும் கீழும் பார்த்தார். எந்த இடம் என்று அவருக்கே பிடிபடவில்லை.

எங்கள் வீட்டில் இருந்த படங்களும் பத்திரங்களும் இடம்பெயர்ந்து ஓடியபோதே போய்விட்டன. மிஞ்சியிருப்பது வாய்க்கதை ஒன்றுதான். சரி, கதை கேட்பதில் நமக்கு என்ன குறை என்று துணிந்தேன். கலியாண வீடு, சாமத்திய வீடு, செத்த வீடு என்று நான் படியேறாத வீடு இல்லை. மலையகத்திலிருந்து வந்த குடும்பம் என்று தெரிந்தால், கதிரை இறக்குகிற சாக்கில் தொடங்கிவிடுவேன். எந்தத் தோட்டம்? யாரோடு ஓடி வந்தீர்கள்? உங்களோடு வந்தவர்கள் இப்போது எங்கே? "வந்திட்டா, இனிப் பூட்டன்ர பூட்டன் ஆரெண்டு கேப்பா" என்று கணவர் லொறிக்குள் இருந்தே பகிடி பண்ணுவார்.

எல்லோரும் சொல்லிவிடவில்லை. ஒரு கலியாண வீட்டில் பெண்ணின் தகப்பன் என்னை வேலியோரம் கூப்பிட்டார். "தங்கச்சி, கும்பிட்டுக் கேக்கிறன். மாப்பிள்ளை வீட்டார் யாழ்ப்பாணப் பக்கம். தோட்டத்துக் கதையை இண்டைக்கு இஞ்ச எடுக்காதேங்கோ" என்றார். சுருக்கென்று தைத்தது. ஆனால் அவர்மேல் கோபம் வரவில்லை. தோட்டக்காட்டார் என்ற ஏளனச் சொல்லைப் பள்ளிக்கூடத்தில் கேட்டு வளர்ந்தவள்தான் நானும். அந்த நடிகையிடம் இப்படி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதற்குப் பிறகு ஆள் பார்த்து, இடம் பார்த்துக் கேட்கப் பழகினேன். கேட்பதை மட்டும் விடவில்லை.

இனி இலைக்கு வருகிறேன். எங்கள் ஆட்கள் வீட்டில் ஒரு நல்ல காரியம் வந்தால், அதற்கு முதல் நாள் இறந்தவர்களுக்குப் படைப்பார்கள். அவர்கள் சாப்பிட்ட பிறகுதான் மேளம். அவரவர் விரும்பியதெல்லாம் இலைக்கு வரும். தாத்தாவுக்குச் சுருட்டுக்கூட வைப்போம். எங்கள் வீட்டில் கடைசி இலை அத்தைக்கு. அதில் அப்பா வேறு எதையும் வைக்க விடமாட்டார். கோதுமை மாவில் ஒரு ரொட்டி சுடச் சொல்லி, அதை இரண்டாகப் பிய்த்து, ஒரு பாதியை இலையில் வைப்பார். மற்றப் பாதியை அங்கேயே குந்தியிருந்து தான் சாப்பிடுவார். அவர்களுடைய அம்மா கொழுந்து பறிக்கப் போகும்போது அக்காவுக்கும் தம்பிக்கும் சேர்த்து ஒரு ரொட்டிதான் வைத்துவிட்டுப் போவாராம். அக்கா பிய்த்தால் பெரிய பாதி எப்போதும் தம்பிக்குத்தானாம்.

செட்டிகுளம் வீட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது படையலுக்கு இலை போட்டிருந்தார்கள். கிடாரத்தை எங்கே இறக்குவது என்று கேட்பதற்காக உள்ளே எட்டிப் பார்த்தேன். சுவரோரம் மூன்று இலை. இரண்டில் சோறும் கறியும் குவிந்திருந்தன. மூன்றாவதில் அரை ரொட்டி மட்டும். அதன் முன்னால் வயதான பெண் ஒருவர் குந்தியிருந்து, மற்ற அரை ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

உடனே ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் ரொட்டி சுடாத தோட்டக் குடும்பம் எது? வீடு வீடாகக் கதை கேட்டதில் ஒன்று படித்திருந்தேன். பதிலை நாமே வாயில் எடுத்துக் கொடுத்துக் கேட்டால், எதிரில் இருப்பவர் ஓம் என்றுதான் சொல்லுவார். அவர் சாப்பிட்டு எழும்பும் வரை வாசலிலேயே நின்றேன்.

"அம்மா, அந்த அரை ரொட்டி ஆருக்கு?"

"எந் தம்பிக்கும்மா. கலவரத்துல போயிட்டான். ரெண்டு பேரும் ஒரே ரொட்டியதான் பிச்சுத் தின்னு வளந்தோம்."

"அவருக்கு மேலில ஏதும் அடையாளம் இருந்ததோ?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு தன் இடது கைச் சுண்டுவிரலின் நுனியைப் பிடித்துக் காட்டினார். "இது இருக்காது. வெறகு வெட்டயில நான்தான் கத்திய போட்டுட்டேன். அவன் ஆத்தாகிட்ட என்னைய காட்டியே குடுக்கல. நீ ஏன் கேக்கிற?"

என் அப்பாவின் இடது சுண்டுவிரலுக்கு நுனி இல்லை. தானே வெட்டிக்கொண்டதாகத்தான் எங்களுக்கும் சொல்லி வைத்திருந்தார். அவ்வளவு வருடமாகியும் மனுசன் அக்காவைக் காட்டிக் கொடுக்கவில்லை.

நான் இறக்கி வைத்த கதிரையிலேயே நான் இருந்துவிட்டேன். "அத்தை" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லி, கைபேசியில் இருந்த அப்பாவின் படத்தைக் காட்டினேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. படத்தை விரித்து அந்தக் கையைத்தான் காட்டச் சொன்னார்.

அப்பாவுக்கு அழைத்து, அக்கா உயிரோடு இருக்கிறா, பக்கத்தில் நிற்கிறா என்றேன். "செத்தவங்ககூட போன்ல பேசுற அளவுக்கு எனக்கு இன்னும் மண்டை கெடலம்மா" என்று சொல்லி வைத்துவிட்டார். திரும்ப எடுத்தேன். இந்தத் தடவை அத்தை போனைப் பறித்து ஒரு கத்துக் கத்தினார். "டேய், பெரிய பாதிய எடுத்துக்கிட்டியாடா?"

அந்தப் பக்கம் அப்பா விம்மி அழுத சத்தம் சுற்றி நின்ற எல்லோருக்கும் கேட்டது. அவர் அழுது நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நானும் அழுதேன். வயலின் இல்லாமலே நன்றாக அழ முடிகிறது.

மறுநாள் முதல் பஸ்ஸில் அப்பா வந்து இறங்கினார். சடங்கு நடக்கிற பிள்ளை, அத்தையின் மகனுடைய மகள், மணையில் இருந்து எட்டிப் பார்க்கிறாள். ஊரே கட்டிப்பிடித்து அழப்போகிறார்கள் என்று காத்து நிற்கிறது. அத்தை வந்து அந்தக் குறைவிரலைப் பிடித்துப் பார்த்தார். அவ்வளவுதான், சண்டை தொடங்கியது.

"உசுரோட இருக்கிறவளுக்குப் படையல் போட்டிருக்கியே! அதான் எனக்கு வருசா வருசம் காய்ச்சல்!"

"நீ மட்டும் என்னவாம்? நீ படைச்சுப் படைச்சுத்தான் எனக்குக் கண்ணு மங்கிப் போச்சு!"

மேளக்காரர்கள்கூட வாசிப்பதை விட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

கலவரத்தில் அத்தையும் கணவரும் தேயிலைக்குள் ஒளிந்து தப்பி, செட்டிகுளத்துக்கு வந்து குடியேறியிருக்கிறார்கள். அப்பாவின் லயத்தில் யாரும் மிஞ்சவில்லை என்று அவருக்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். பிறகு சண்டைக் காலம். பாதை பூட்டி, அவர் இராணுவத்தின் பக்கம், நாங்கள் புலிகளின் பக்கம். யுத்தம் முடிந்து எங்களைச் செட்டிகுளத்து முகாமில் வைத்திருந்தார்களே, அந்தக் கம்பி வேலியிலிருந்து அத்தையின் வீடு நடக்கிற தூரம். உறவுகளைத் தேடி வந்து வேலிக்கு வெளியே நின்ற சனத்தை அத்தை பார்த்திருக்கிறார். தனக்குத் தேட ஆளில்லை என்று நினைத்து வீட்டுக்குப் போயிருக்கிறார்.

இப்போது எங்கள் வீட்டுப் படையலில் ஒரு இலை குறைவு. அங்கேயும் ஒன்று குறைவு. ரொட்டி மட்டும் நிற்கவில்லை. அப்பா அடிக்கடி செட்டிகுளம் போகிறார். அத்தை சுட்டுப் போடுகிறார், இப்போது பிய்ப்பது அப்பா. பெரிய பாதியை அக்காவின் பக்கம் தள்ளிவிட்டு ஒன்றும் தெரியாதவர் போல இருப்பார்.

அந்த நிகழ்ச்சி இன்னமும் வருகிறது, கையுறையோடும் வயலினோடும். நான் குறை சொல்ல மாட்டேன். அதைப் பார்த்திருக்காவிட்டால் அப்பா வாய் திறந்து கேட்டிருக்கவே மாட்டார். ஆனால் யாரோ சொன்னதை நம்பி அவர் கல் வைக்க ஓர் இடம்தான் கேட்டார். அதனால் இப்போதெல்லாம் எந்த வீட்டில் யார், எங்கள் ஆட்கள் எல்லோரும் போய்விட்டார்கள் என்று சொன்னாலும், "ஆர் சொன்னது? நீங்கள் கண்ணால கண்டனீங்களோ?" என்று கேட்காமல் நான் அந்த வாசலில் கதிரையை இறக்குவதில்லை.