எடெல்மிரா கேட்ட வெயில்

கில்கேன் ஏரிக்கரைக்கு எடெல்மிரா வாழ்க்கைப்பட்டு வந்தபோது அவளுக்கு வயது பத்தொன்பது. சீதனமாகக் கொண்டுவந்தது ஒரு தையல் மிஷின், இரண்டு வாத்து, ஒரு வாய். முதல் இரண்டும் ஐந்தாறு வருஷத்தில் ஓய்ந்துபோயின. மூன்றாவது ஓயவில்லை. மறுகரையில் மாடு கறப்பவர்கள்கூட அவள் இன்றைக்கு யாரைத் திட்டுகிறாள் என்று கேட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்கள்.

அந்தச் சரிவின் மண்ணுக்குத் துருமாவோ என்று பெயர். எந்தக் காலத்திலோ எரிமலைகள் மாறி மாறித் துப்பிய சாம்பலின்மேல் காடு உட்கார்ந்து உட்கார்ந்து கறுப்பாக்கிய மண். ஜனவரியில் ஒரு கோழி கீறினால் கிளம்புகிற தூசி ஈஸ்டருக்குத்தான் கீழே இறங்கும். மழைக்காலத்திலோ ஈரமே இல்லாததுபோல நடிக்கும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் முழங்கை வழியே தண்ணீர் ஓடும். எடெல்மிராவின் மாமனார் வேலிக்கு நட்ட கம்பம் துளிர்த்து மரமாகி, கட்டிய கம்பியை அவிழ்க்க அவர் ஏணி போட்டு ஏறவேண்டியிருந்ததாம். இதில் ஏணி மட்டும் பொய். அவர் குரங்குமாதிரி ஏறக்கூடியவர்.

அந்த மண்ணுக்கு அடியில் பாறை. பழைய பனியாறு மலையை விட்டுப் போகும்போது மாதாகோவில் தரைமாதிரி தேய்த்துவிட்டுப் போன வழவழப்பான பாறை. கிணறு தோண்டப்போய்த் தோற்றவர்கள் மட்டும் அதைப் பார்த்திருந்தார்கள்.

வீடு சரிவின் அடிவாரத்தில் இருந்தது. பூமியின் தென்பாதியில் இருக்கும் அந்த நாட்டில் ஜூன், ஜூலைதான் குளிர்காலம்; அப்போது சூரியன் வடக்கே தாழ்வாக நகரும். வீட்டுக்கு வடக்கே மலை. மலையின்மேல் கோய்வே மரங்கள், நாலு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாதவை. கரை முழுக்கக் காட்டை அழித்து மேய்ச்சலாக்கிய மாமனார் இந்த ஒரு துண்டை மட்டும் விட்டுவைத்திருந்தார். சாகும்போது இரண்டு மகன்களையும் கூப்பிட்டு, "வீட்டுக்கு மேல இருக்கிற கோய்வேயை மட்டும் தொடாதீங்கடா" என்றார். ஏன் என்று சொல்லவில்லை. எதற்கும் காரணம் சொல்லிப் பழகாத மனிதர்.

ஆக, மே மாதம் போன வெயில் ஆகஸ்டு கடைசியில்தான் அந்த வீட்டுக்குத் திரும்பும். துவைத்த துணி கொடியிலேயே பாசி பிடிக்கும். மகள் நோல்பா பிறந்தாள். அவள் நெஞ்சுக்குள் ஒரு பூனையும் பிறந்தது. மூச்சு விட்டால் கர்ர் கர்ர் என்றது. நாலாவது வயதுக் குளிர்காலத்தில் ஒருநாள் குழந்தையின் உதடு நாவற்பழ நிறமாகிவிட்டது. படகில் தூக்கிக்கொண்டு ஓடியபோது சுகாதார நிலையத்து நர்ஸ் மருந்தைக் கொடுத்து, "ஈரத்துல வளக்காதீங்க, இவளுக்கு வெயில் படணும்" என்றாள்.

அன்று சாயங்காலமே எடெல்மிரா ஆரம்பித்தாள்.

"கெழவா, அந்த மரத்தை எல்லாம் எடுத்துரு."

அவள் புருஷன் ருதெசிந்தோவுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. அங்கே புருஷன் பெண்டாட்டி அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

"எந்த மரத்தை?"

"எந்த மரமா? வானத்தை மறச்சிக்கிட்டு நிக்குதே, அதை."

"அப்பா வேணாம்னு சொல்லியிருக்காரு கெழவி."

"உங்கப்பா இருக்கிற எடத்துல வெயிலு வேண்டியதில்ல. உம் மவளுக்கு வேணும்."

அவன் விறகு அடுக்கப் போய்விட்டான். அப்படிப்பட்டவனோடு சண்டை போடுவது மலையோடு மல்லுக்கு நிற்பதுதான். எடெல்மிரா வேறு வழிக்குப் போனாள். அந்தப் பக்கத்தில் மாத்தே என்று ஒரு பானம், சுரைக்குடுக்கையில் இலையைப் போட்டு வெந்நீர் ஊற்றிக் குழலால் உறிஞ்சுவது; ஊற்றிக் கொடுக்கிற கை பேசாததை மாத்தே பேசும். சூடாகக் கொடுத்தால் பிரியம். ஆறிப்போனதைக் கொடுத்தால், முகத்தில் முழிக்காதே என்று அர்த்தம். நாற்பது நாள் அவள் புருஷனுக்கு ஆறின மாத்தே கொடுத்தாள். அந்த மனிதன் ஒவ்வொன்றையும் நிதானமாக உறிஞ்சி முடித்து, இன்னொன்று என்று சுரைக்குடுக்கையை நீட்டினான்.

ஒருநாள் அக்கரையிலிருந்து அவன் தம்பி செலெதோனியோ வந்து, தெரியாத்தனமாக அதே குடுக்கையில் ஒரு வாய் இழுத்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"என்ன மதினி, மாத்தேயா, ஏரித்தண்ணியா? உள்ள ஏதோ தவளை கத்துதே."

"குடிக்கிறவருக்கே வாய் தொறக்கலை. உமக்கென்ன?"

"எங்கண்ணன் என்ன குத்தம் பண்ணினான்?"

அண்ணன் குடுக்கையைத் திரும்ப வாங்கி மிச்சத்தை உறிஞ்சினான். புருஷன் பெண்டாட்டி விவகாரத்தில் தலையிட்டால் தன் மாத்தேயும் ஆறிப்போகும் என்று செலெதோனியோ படகேறிவிட்டான்.

நாற்பத்தோராம் நாள் காலை ருதெசிந்தோ கோடாலியைத் தீட்டினான். அன்றைக்கு அவள் கொடுத்த மாத்தேயில் அவன் நாக்கு வெந்துபோயிற்று.

இரண்டு கோடை பிடித்தது. கிடந்த மரத்தை என்ன செய்வது? ரம்பப்பட்டறைப் படகு வந்து இழுத்துக்கொண்டு போயிற்று. பதிலுக்குக் கூரைக்குப் புதுத் தகரம் வந்தது. தகரம் பளபளத்ததைப் பார்த்ததும் செலெதோனியோ துடுப்புப் போட்டுக்கொண்டு பாய்ந்து வந்தான்.

"அப்பன் வாக்கை வித்துத் தின்னுட்டியேடா! ஒரு தகரத்துக்கா?"

அடுப்படியில் எடெல்மிரா நின்றிருந்தாள். ருதெசிந்தோ அவள் பக்கம் திரும்பாமலே சொன்னான்: "ஆமா. பணம் தேவையா இருந்துச்சு."

ஏரி முழுக்க அதிர்கிற அந்த வாய் அன்றைக்குத் திறக்கவில்லை. இன்று சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தாள். அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்தினார்கள்.

ஆனால் வெயில் வந்தது. ஜூன் மாதத்தில், பதினொரு மணிக்கு, கேட்காமலே அடுப்படிக்குள் நுழைந்து மேஜைமேல் ஏறி உட்கார்ந்தது. எடெல்மிரா பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு அதன் முன்னால் நோல்பாவைச் சட்டையில்லாமல் உட்காரவைத்தாள். முதல் குளிர்காலத்தில் பூனை மெலிந்தது. இரண்டாவதில் எப்போதாவது வந்து எட்டிப் பார்த்தது. மூன்றாவதில் வரவேயில்லை. நோல்பா மலையில் கன்றுக்குட்டியோடு ஓடினாள். எடெல்மிரா சத்தமாகப் பாடிக்கொண்டு துணி காயப்போட்டதில் அக்கரைக்காரர்கள் பயந்து, இவளுக்கு என்ன ஆயிற்று என்று ஆள் அனுப்பினார்கள்.

நாலாவது குளிர்காலத்தில், வெட்டியபின் நின்ற அடிமரங்களை உதைத்தால் புட்டுமாதிரி உதிர்ந்தன. மண்ணைப் பாறையோடு கட்டிப் பிடித்திருந்த வேர்கள் உள்ளுக்குள்ளேயே மக்கிவிட்டிருந்தன. அதை யார் பார்த்தது? மேலே புல் பச்சையாக இருந்தது. பத்தொன்பது நாள் விடாமல் மழை. இருபதாம் நாள் காலையில் மலையிலிருந்து தொட்டிக்கு வரும் ஊற்று நின்றுவிட்டது. அவ்வளவு மழையில் ஊற்று நிற்குமா? ருதெசிந்தோ காலித் தொட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு மேலே பார்த்தான். உள்ளே வந்தான்.

"கெழவி, மெலானியா வீட்டுல போய்க் கொஞ்சம் புளிச்ச மாவு வாங்கிட்டு வா. பிள்ளையையும் கூட்டிட்டுப் போ."

"இந்த மழையிலயா? நேத்துத்தான ரொட்டி சுட்டேன்?"

"அதுக்குப் பேரு ரொட்டியா? அதை வச்சுக் கோடாலி தீட்டலாம்."

"தீட்டு, தீட்டி உன் நாக்கை அறுத்துக்கோ!"

இதுதான் அவள் அவனிடம் சொன்ன கடைசி வார்த்தை. நோல்பாவின் தலையில் சாக்கைப் போட்டு மூடி இழுத்துக்கொண்டு போனாள். அவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, மலைக்குள் தேங்கிய தண்ணீருக்கு வாய்க்கால் வெட்ட மேலே போனான்.

கரையோரமாக அரைமணி நடை. மெலானியா எடெல்மிராவின் சிநேகிதி. வாங்க வந்தவளை உட்காரவைத்து மாத்தே ஊற்றினாள். அப்போது நிலம் லேசாக ஆடிற்று. அலமாரியில் கோப்பைகள் கிணுகிணுத்தன. அதற்கெல்லாம் அங்கே யாரும் எழுந்திருப்பதில்லை. மெலானியா குடுக்கையைப் பிடித்த கையைக்கூட நகர்த்தவில்லை. அதற்குப் பிறகு வந்தது ஒரு நீளமான பெருமூச்சு. ஈரச் சாக்கை யாரோ மலையளவு இழுப்பதுபோல.

அடிமரங்கள் நின்ற நிலையிலேயே வரிசையாக ஏரிக்குள் நடந்து போயின. வீடு, தகரம், தொட்டி, தையல் மிஷின் எல்லாம் அவற்றின் பின்னே போயின. எழுந்த அலை அக்கரைக்குப் போய், செலெதோனியோவின் ஆப்பிள் மரத்தில் மீன்களைத் தொங்கவிட்டது. பதினொரு மீன் பறித்ததாக முதலில் சொன்னார்கள்; இப்போது நாற்பதில் நிற்கிறது.

பத்து நாள் தேடினார்கள். அந்த ஏரிக்கு வாங்கித்தான் பழக்கம், திருப்பிக் கொடுத்துப் பழக்கமில்லை. ருதெசிந்தோ கிடைக்கவில்லை.

கல்லறைக்கு உடம்பு வேண்டும். உடம்பு இல்லாவிட்டாலும் ஆனிமிதா இருக்கிறது; உயிர் பிரிந்த அதே இடத்தில் ஒரு குட்டி வீடு, உள்ளே மெழுகுவத்தி. இடம் தப்பிவிட்டால் பிரயோஜனமில்லை. செத்தவன் வந்து பார்த்துவிட்டு, இது என் வீடு இல்லையே என்று போய்விடுவான். எடெல்மிரா முழங்கையளவு பலகைவீடு ஒன்று செய்தாள். கரையில் குவிந்த சேற்றில் வைத்தாள், மழை கொண்டுபோயிற்று. இன்னொன்று செய்து பாறையில் வைத்தாள், காற்று தூக்கியது. இரண்டும் தப்பான இடம் என்று அவளுக்குத் தெரியும். அவன் கடைசியாக எங்கே நின்றான் என்று பார்த்தவன் ஒருவன்தான். அந்தக் காலையில் செலெதோனியோ நடு ஏரியில், வைக்கோல் ஏற்றிய படகில் இருந்தான்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் மெலானியாவின் படகை இரவல் வாங்கி, நோல்பாவோடு போனாள். செலெதோனியோ வாசலில் உட்கார்ந்து நுகத்தடி செதுக்கிக்கொண்டிருப்பான்.

"எடத்தை மட்டும் காட்டும். நான் போயிருதேன்."

"அப்பா வச்ச மரத்தை வித்தவனுக்கு வீடு ஒரு கேடா, மதினி? போட்டானே தகரம், அதுலயே குடியிருக்கட்டும்."

"செத்தவரப் பேசாதீரும்."

"உசுரோட இருக்கும்போதே பேச்ச நிறுத்தினது சும்மாவா? பணம்னு அவன் வாயாலயே சொன்னான். நீங்களும் கேட்டீங்க."

மூன்று ஞாயிறு இப்படிப் போயிற்று. நாலாவது ஞாயிறு எடெல்மிரா மகளிடம், "கண்ணு, அந்தக் கன்னுக்குட்டிய போய்ப் பாரு" என்றாள்.

"அதைப் போன வாரமே பாத்துட்டேன்."

"மறுபடி பாரு."

"அதுக்கு என்னைப் பிடிக்கலை" என்று நோல்பா அம்மாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எட்டு வயது. நெஞ்சு நன்றாக இருந்தது.

எடெல்மிரா மகளைப் பார்த்தாள், ஏரியைப் பார்த்தாள். சொல்லாவிட்டால் புருஷன் பேராசைக்காரனாகவே போவான், இடமும் இல்லாமல். சொன்னால் இந்தப் பிள்ளை கேட்கும்.

"நான்தான் வெட்டச் சொன்னேன்" என்றாள். குரல் அவளுடையதுபோல இல்லை. "பணத்துக்கு இல்ல. வெயிலுக்கு. இவளுக்கு மூச்சு நின்னுபோயிரும்னு பயந்தேன். அவரு மாட்டேன்னாரு. நாப்பது நாளு ஆறின மாத்தே குடுத்தேன்."

உளி நின்றது. அன்றைக்கு இழுத்த அந்த ஒரு வாய் ஆறின மாத்தே இப்போதுதான் தொண்டையில் இறங்கியதுபோல அவன் விழுங்கினான்.

"அவன் எங்கிட்டப் பணம்னான்."

"சொன்னாரு. நான் அடுப்படியிலேயே நின்னேன்."

"எனக்கா?" என்றாள் நோல்பா.

செலெதோனியோ உளியைக் கீழே வைத்தான்.

"எனக்காம்மா வெட்டினாரு?"

எடெல்மிரா மகளின் கையைப் பாவாடையிலிருந்து எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். செலெதோனியோ எழுந்தான். நுகத்தடியை மண்ணில் போட்டான். "படகுல ஏறுங்க" என்றான்.

சரிவு முழுக்கப் பாறை. ஈரமாக மின்னிற்று, மேலிருந்து கீழ்வரை சீப்பால் வாரினதுபோல நீளக் கோடுகள். ஒரு பிடி மண் இல்லை. செலெதோனியோ ஏரியைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, படகு நின்ற இடத்தைக் கண்ணால் அளந்து, குறுக்காக நடந்து, கொஞ்சம் இறங்கி, மறுபடி ஏறி, நின்றான்.

"இந்த நேருக்குத்தான். ஓடலை. மண்வெட்டிய ஊணிக்கிட்டுக் கீழ வீட்டைப் பாத்துட்டே நின்னான். நீங்க போயிட்டீங்களான்னு பாத்தானோ என்னவோ."

எடெல்மிரா மண்டியிட்டு, மூன்றாவதாகச் செய்து படகில் கொண்டுவந்திருந்த குட்டி வீட்டைப் பாறையில் வைக்கப் போனாள்.

"அங்க இல்ல மதினி."

"இந்த நேருன்னீரு?"

"நேரு இதுதான். ஆனா அன்னிக்கு இங்க பாறை இல்ல, மண்ணு. அதுமேல நின்னான்." செலெதோனியோ கையைத் தலைக்கு மேலே தூக்கினான், அதுவும் எட்டாமல் குதிகாலை உயர்த்தினான். "இதுக்கும் மேல. ஒண்ணரை ஆள் ஒசரம் இருக்கும்."

மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். ருதெசிந்தோ நின்ற இடத்தில் காற்று இருந்தது. ஒரு பூச்சி அதன் வழியே பறந்து போயிற்று. வீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எடெல்மிரா அங்கேயே மண்டியிட்டிருந்தாள். ஆணி அடிக்க ஒன்றும் இல்லை. ஊன்ற ஒன்றும் இல்லை.

நோல்பாதான் சித்தப்பாவின் சட்டையை இழுத்தாள். "தூக்குங்க."

அவன் குனிந்தான். அவள் தோளில் ஏறி உட்கார்ந்தாள். பிறகு அவன் தலையைப் பிடித்துக்கொண்டு தோள்மேலேயே எழுந்து நின்றாள். எடெல்மிரா மெழுகுவத்தியைப் பற்றவைத்து நீட்டினாள். அணைந்தது. மறுபடி பற்றவைத்தாள், அணைந்தது. ஆறாவது குச்சியில் சுடர் நின்றது. நோல்பா அதைக் கையால் மறைத்துக்கொண்டு மேலே உயர்த்தினாள்.

"இங்கயா?"

"இன்னும் கொஞ்சம்" என்றான் செலெதோனியோ. அவன் கால் வழுக்குப் பாறையில் நழுவப் பார்த்தது.

"இங்கயா சித்தப்பா?"

"இன்னும் கொஞ்சம் மேல, தாயீ."

எடெல்மிரா அவன் இரண்டு கணுக்காலையும் நகராமல் பிடித்துக்கொண்டு, தலை குனிந்தபடியே, போதும் என்று யாராவது சொல்வதற்காகக் காத்திருந்தாள்.